கானாடுகாத்தான் அரண்மனை: உள்ளே போக முடியாது, ஆனாலும் போகலாம்

டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கிற இடம் இல்லை இது; ராஜா குடும்பத்தின் சொந்த வீடு. பொதுவாக வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. ‘வாட்ச்மேனிடம் சொன்னால் விட்டுவிடுவார்’ என்று யார் சொன்னாலும் நம்பி, இதற்கென்றே சென்னையிலிருந்து கிளம்பாதீர்கள். காரைக்குடி வரை வந்தவர்கள் வெளியே நின்று பார்க்கத் தாராளமாகப் போகலாம். திருச்சி சாலையில் சுமார் 15 கி.மீ.

வீடு எழுந்தது 1912ல். கட்டியவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தமிழிசைச் சங்கமும் அவர் பேர் சொல்லும். அரசியல் என்றால் அவர் மகன் முத்தையா செட்டியார்தான். காங்கிரசை எதிர்த்த நீதிக்கட்சிக்காரர், 1933ல் சென்னைக்கு மேயர் பதவி மீண்டும் வந்தபோது முதல் மேயர், அப்புறம் மாகாண அமைச்சர். காங்கிரசின் ப. சிதம்பரம் அண்ணாமலைச் செட்டியாரின் மகள் வயிற்றுப் பேரன், பிறந்ததும் இதே ஊரில். நீதிக்கட்சியும் காங்கிரசும் ஒரே குடும்பத்தில்!

முகப்பை நன்றாகத் தள்ளி நின்று பாருங்கள். கிட்டே போனால் மாடிச் சுதை வேலை கண்ணில் படாது. அப்புறம் பக்கச் சுவரை ஒட்டியே பின்தெரு வரை நடக்க வேண்டும். முகப்பு, வளவு (நடு முற்றமும் சுற்றுக்கட்டும்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று செட்டிநாட்டு வீடுகள் நேர்கோட்டில் நீளும் நீளம் நடந்தால்தான் புரியும்.

உள்ளே பார்க்கிற ஆசைக்கு, பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் ‘பெரிய வீடு’ இருக்கிறது. சிறு கட்டணம்தான். எல்லோரும் தரையையும் மேல்தளத்தையும் படமெடுப்பார்கள். சுவரைத் தடவிப் பார்க்கிறவர் குறைவு. சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி சேர்த்துப் பூசி, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மினுக்கிய சுவர் அது. நூறு வருஷம் ஆனாலும் கையில் வெள்ளை ஒட்டாது. ஆனால் விரிசலுக்குச் சிமெண்ட் வைத்தால் போச்சு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே தேங்கிய ஈரம் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றிப் பொருக்குத் தட்டி, பூச்சைப் பாளமாக உதிர்த்துவிடும். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தாலும் இதே கதி. கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் அடிச்சுவரைப் பார்த்தாலே தெரியும்.

ரயிலில் வருகிறவர்கள் செட்டிநாடு ஸ்டேஷனில் இறங்கலாம், எல்லா வண்டியும் நிற்காது. ஹோட்டலாக மாறிய பழைய வீடுகளில் மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் முதல் நாளே போன் செய்துவிடுங்கள். திடீரென்று போய் நின்றால் இலை கிடைப்பது சந்தேகம்.