தமிழ் வாசிக்கக் கிண்டிலா, கைப்பேசியா?

செலவு: கைப்பேசி ஏற்கெனவே கையில் இருக்கிறது, ஈபப் என்னும் மின்னூல் கோப்பைத் திறக்கும் இலவசச் செயலி ஒன்று போதும். அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டில் என்றால் தனிச் செலவு.

கண்: கைப்பேசித் திரை ஒளியை நேராகக் கண்ணுக்குள் அனுப்பும். கிண்டிலின் மின்மை (இ-இங்க்) திரை அச்சுத்தாள் போல. உச்சி வெயிலிலும் எழுத்து மங்காது. பக்கம் மாறும்போது மட்டுமே அந்தத் திரை மின்சாரம் எடுப்பதால் சார்ஜும் நாள்கணக்கில் நிற்கும்.

கோப்பு: பலர் தடுமாறும் இடம் இதுதான். மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. தட்டச்சு செய்த நூல் இரண்டிலும் சுகமாக ஓடும். ஆனால் ஈபப் கோப்பைக் கேபிள் வழியே ஏற்றினால் கிண்டில் திறக்காது. அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை மூலம் அனுப்ப வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆறு அங்குலத் திரையில் பெரும் வேதனை. பக்கத்தையே பெரிதாக்கி, இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். கைப்பேசியிலும் அதே கதைதான்.

தினமும் நாவல் படிப்பவர் தயங்காமல் கிண்டில் வாங்கலாம். பேருந்தில் ஒரு சிறுகதை என்றால் கைப்பேசியே போதும், அறிவிப்புகளை மட்டும் அணைத்துவிடுங்கள். பழைய இதழ்களும் ஸ்கேன் நூல்களும் தேடுபவர்களுக்கு இரண்டும் வேண்டாம். பத்து அங்குல டேப்லெட் வாங்குங்கள்.