சிறுகடை ஊழியருக்கான குழு மருத்துவக் காப்புறுதி: வன்னிக்கு எவ்வளவு பொருந்துது?

ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12%, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3% கட்டுவது சட்டம். மருத்துவக் காப்புறுதிக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. ஆனாலும் கிளிநொச்சி, வவுனியா கடைகளுக்கு முகவர்கள் குழுத் திட்டத்தோடு வருகிறார்கள்.

தாளில் திட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் இங்கே வருத்தமென்றால் முதலில் போவது அரச ஆஸ்பத்திரிக்கு. அங்கே கட்டில் காசு இல்லை, பில்லும் இல்லை. பில்லுக்குத்தான் காசு தரும் திட்டத்தால் என்ன பிரயோசனம்? அதனால் அரச வார்ட்டில் நிற்கும் நாளுக்கு இவ்வளவு என்று தரும் நாட்கொடுப்பனவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத திட்டத்தை இங்கே எடுக்கவே வேண்டாம்.

பணம் கட்டாமல் அனுமதிக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளின் பட்டியலையும் கேளுங்கள். யாழ்ப்பாணம், கொழும்பு மட்டும் இருந்தால் முல்லைத்தீவுக்காரர் கையிலிருந்து கட்டி, பிறகுதான் மீளப் பெறவேண்டும்.

கிளெய்ம் (காப்புறுதிக் காசு கேட்டு அனுப்பும் விண்ணப்பம்) காசு கிடைக்காமல் திரும்புவது அனேகமாகக் கடதாசியால்தான். ஆஸ்பத்திரி தரும் நோய் விபர அட்டையான டயக்னோசிஸ் கார்ட்டில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. அல்லது பில்லின் போட்டோக்கொப்பி. மூலப் பில்லைக் கிளெய்மோடு அனுப்பி, பிரதியைக் கடையில் வைத்திருங்கள். புதிதாகச் சேர்ந்த பொடியனின் பெயரை அன்றே எழுத்தில் அனுப்புங்கள்; இல்லாவிட்டால் அவனுக்குக் காப்பு இல்லாமல் போகலாம். முன்பே இருந்த சீனி, பிரஷர் வருத்தங்களுக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவென்றும் கேட்டு வையுங்கள்.

வேலையிடத்து விபத்துக்கு இது மாற்று அல்ல. 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டப்படி அந்தப் பொறுப்பு முதலாளியிடமே நிற்கும். அரிசி ஆலை, மரக்காலை நடத்துவோர் அதற்குத் தனிக் காப்புறுதி எடுக்கவேண்டும்.