வசனக் கணக்கிலிருந்து சார்புக்கு: நேரே எழுதுவதா, அட்டவணையா, வரைபா?

ஆட்டோவில் முதல் கிலோமீற்றருக்கு 120 ரூபா, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 100 ரூபா. (விலை கணக்குக்காக நான் வைத்தது.) கல்லடிப் பாலத்தடியில் ஏறி 6 கிலோமீற்றர் போனால் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பத்தாம் தரப் பிள்ளைகளில் பலர் எனக்கு எழுதித் தருவது இது: க = 120 + 100த. பாடப்புத்தகத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். நான் இங்கே தூரத்துக்குத் த, கட்டணத்துக்குக் க என்று வைக்கிறேன். த ஐப் போட்டால் க ஐத் தரும் இந்த விதிதான் சார்பு. அந்தச் சார்பின்படி 720 ரூபா வருகிறது. உண்மையில் கொடுக்க வேண்டியது 620.

கூடிப்போன அந்த 100 ரூபா, வசனத்தை நேரே குறியீடாக மாற்றும் வழியில் வந்தது. "ஒவ்வொரு" என்றால் பெருக்கு, "மேல்" என்றால் கூட்டு என்று சொல்லுக்குச் சொல் மாற்றுவது அந்த வழி. அதை நான் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. தமிழில் அதற்குப் பெரிய பலம் ஒன்று உண்டு. "ஓர் எண்ணுடன் 4 ஐக் கூட்டி மூன்றால் பெருக்க" என்றால் 3(எ + 4). "மூன்றால் பெருக்கி 4 ஐக் கூட்ட" என்றால் 3எ + 4. வினைகள் வரும் வரிசையே செய்கையின் வரிசை. "ஓர் எண்ணிலும் 5 குறைவு" என்பதிலும் எண் முன்னே, ஐந்து பின்னே: எ − 5. ஆங்கில மொழிமூலம் படிக்கும் பிள்ளைக்கு வசனத்தில் ஐந்துதான் முதலில் வரும். அதனால் 5 − எ என்று எழுதிவிடுவதைப் பல தடவை திருத்தியிருக்கிறேன்.

ஆனால் "அதற்கு மேல்" என்ற சொல் வெறும் கூட்டலைச் சொல்லவில்லை. எத்தனை கிலோமீற்றரைப் பெருக்க வேண்டும் என்பதையே அது மாற்றிவிடுகிறது. த அல்ல, த − 1. இன்னொரு பொறி, "ஓர் ஆசிரியருக்கு 30 மாணவர்" என்ற வசனம். சொல்லின் வரிசையில் போன பிள்ளை ஆ = 30ம என்று எழுதும். ம என்பது மாணவரின் சுருக்கப் பெயரல்ல, மாணவர்களின் எண்ணிக்கை. 60 மாணவர் இருந்தால் 1800 ஆசிரியரா என்று கேட்டவுடனே பிள்ளைக்கே விளங்கிவிடும்.

அட்டவணை வழியில் இந்தத் தவறுகளுக்கு இடம் குறைவு.

"ஒரு கிலோமீற்றர் போனா எவ்வளவு, மனே?"
"120, சேர்."
"ரெண்டு?"
"220."

மூன்றுக்கு 320. ஒவ்வொரு படிக்கும் 100 ஏறுகிறது, அது படித்திறன். ஒன்றிலிருந்து ஒரு படி பின்னே, த = 0 க்குப் போனால் 20, அது வெட்டுத்துண்டு. ஆகவே க = 100த + 20. 120 + 100(த − 1) ஐ விரித்தாலும் இதுதான். அந்த 20 ரூபாவை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. த ஒன்றிலும் குறையாத இடத்தில்தான் இந்தச் சார்பு செல்லும் என்று பிள்ளை எழுத வேண்டும். இரண்டரைக் கிலோமீற்றருக்குச் சார்பு 270 என்கிறது. முழு எண் மட்டும் போட்ட அட்டவணையில் அது தெரியாது.

அட்டவணை தடுமாறும் இடமும் உண்டு. வாவிக்கரையோரம் செவ்வகமான கத்தரித் தோட்டம். வாவிப் பக்கம் வேலி வேண்டாம், மற்ற மூன்று பக்கத்துக்கும் சேர்த்து 40 மீற்றர் கம்பி வலை. வாவியைத் தொட்டு உள்ளே வரும் பக்கத்தின் அகலம் அ என்றால் பரப்பளவு என்ன? 5, 10, 15 என்று போட்டால் 150, 200, 150 வரும். ஏறி இறங்கும் இந்த எண்களைப் பார்த்துச் சார்பைப் பிடிக்க, வித்தியாசத்தின் வித்தியாசம் வரை போக வேண்டும். படம் கீறிவிட்டு நேரே எழுதினால் இரண்டு வரி: நீளம் 40 − 2அ, பரப்பளவு அ(40 − 2அ). இருபடிச் சார்பென்றால் என் வாக்கு நேர்வழிக்கே.

வரைபை நான் கடைசியில்தான் எடுப்பேன், அதுவும் இரண்டில் ஒன்றைத் தெரிய வேண்டிய கணக்குக்கு. சம்மாந்துறை வயலுக்கு நெல் வெட்டும் மெசின் ஒன்று ஏக்கருக்கு 15,000. மற்றதுக்குக் கொண்டுவரும் கூலி 12,000, அதோடு ஏக்கருக்கு 13,000. இரண்டு கோடும் 6 ஏக்கரில், 90,000 ரூபாவில் வெட்டும். அதற்குக் குறைந்த வயலுக்கு முதலாவது மலிவு, கூடியதற்கு இரண்டாவது. ஒரு பார்வையில் தெரியும். வெட்டுப்புள்ளி 6.35 இல் விழுந்தால் வரைபுத்தாளை நம்ப முடியாது, சமன்பாட்டைத் தீர்க்கத்தான் வேண்டும்.

பிரதியிடலில் எல்லா வழிக்காரரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். தோட்டத்தின் பரப்பளவை ப(அ) என்று வைத்து விரித்தால் ப(அ) = 40அ − 2அ². அதில் ப(5) ஐக் கேட்டால், ப ஐயும் 5 ஐயும் பெருக்கப் பார்க்கும் பிள்ளை உண்டு. அந்த அடைப்புக்குறி பெருக்கல் அல்ல, 5 ஐ உள்ளே போட்டால் வெளியே என்ன வரும் என்ற கேள்வி. 1734 இல் ஒய்லர் எழுதத் தொடங்கிய முறை அது. இன்னொரு பிள்ளை 2 ஐயும் சேர்த்து வர்க்கித்து 200 − 100 என்று முடிக்கும். வர்க்கம் 5 க்கு மட்டும்: 200 − 2(5)² = 150. எழுத்து இருந்த இடத்தில் முதலில் வெற்று அடைப்புக்குறியைப் போடவைத்து, பிறகு எண்ணை உள்ளே எழுதவைக்கிறேன்.

ஒன்பதாம், பத்தாம் தரத்தில் எந்த வழியில் தொடங்குவது என்று கேட்டால், மூன்று வரி அட்டவணை என்பேன். கைவந்த பிள்ளை நேரே எழுதட்டும். எழுதிய சார்பில் மட்டும் த = 1 ஐப் போட்டுப் பார்க்கட்டும். 120 + 100த என்று எழுதிய பிள்ளைக்கு 220 வரும், அடுத்த நிமிடம் அழிறப்பரைத் தேடும்.