மரியோவா, கொன்ட்ராவா, டாங்க்கா? ஒரு டிவி, இரண்டு பிள்ளைகளுக்கான அலசல்

பள்ளிக்கூட விடுமுறை. வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட், ஹோலில் ஒரு டிவி, அதன் முன்னால் அண்ணனும் தங்கச்சியும். கேம் பெட்டி புறக்கோட்டையில் வாங்கினதாக இருக்கலாம், மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். கசெட்டின் மேல் ஆயிரக்கணக்கான கேம் என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது சில பத்துத்தான்; மிச்சமெல்லாம் அதே கேம்கள் வேறு கட்டத்திலிருந்து தொடங்குபவை. அந்தச் சில பத்துக்குள் அநேகமாக இந்த மூன்றும் இருக்கும்: சூப்பர் மரியோ பிரதர்ஸ், கொன்ட்ரா, எல்லோரும் டாங்க் கேம் என்று சொல்லும் பேட்டில் சிட்டி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு பிள்ளை தனியாக விளையாடினால் மரியோ. இரண்டு பேர் என்றால் டாங்க். கொன்ட்ரா இரண்டுக்கும் நடுவில். இந்த வரிசைக்கு வர இரண்டே கேள்விகள் போதும்: செத்த பிள்ளைக்கு ஏன் செத்தோம் என்று விளங்குகிறதா? திரும்பக் கை வைக்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? படத்தின் அழகு, கதை, எத்தனை கட்டம் என்பதெல்லாம் பிறகுதான்.

மரியோவை நின்டென்டோ 1985 செப்டம்பரில் ஃபாமிகொம் என்ற தன் கேம் பெட்டிக்கு வெளியிட்டது. முழுக் கேமும் 40 கிலோபைட்; போனில் எடுக்கும் ஒரு படம்கூட இதைவிடப் பல மடங்கு பெரியது. இடத்தை மிச்சம் பிடிக்க மேகத்துக்கும் புதருக்கும் ஒரே உருவத்தைப் போட்டு, நிறத்தை மட்டும் மாற்றினார்கள். ஆனால் பாய்ச்சலில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ஏ பொத்தானைத் தட்டினால் சின்னப் பாய்ச்சல், அழுத்திப் பிடித்தால் பெரிய பாய்ச்சல். மேலே போகும்போது விரல் பொத்தானில் இருக்கும்வரை புவியீர்ப்பைக் குறைத்துக் கணக்கிடுகிறது கேம். விரலை எடுத்ததும் அதைக் கூட்டிவிடுகிறது. பி பொத்தானைப் பிடித்து ஓடினால் உச்ச வேகம் ஃபிரேமுக்கு (செக்கனுக்கு 60 முறை மாறும் ஒவ்வொரு படத்துக்கும்) 1.5 பிக்சலிலிருந்து 2.5 ஆகிறது. நின்று பாய்ந்தால் ஏறக்குறைய நான்கு கட்டை (திரையில் தெரியும் செங்கல் சதுரம்) உயரம், முழு ஓட்டத்தில் ஐந்து. அந்தரத்திலும் திசையைத் திருப்பலாம். இத்தனையும் இரண்டு பெருவிரலில் அடங்கிவிடுவதால் குழியில் விழுந்த பிள்ளை கேமைத் திட்டாது. “பிந்தி அமத்திட்டன்” என்றுதான் சொல்லும்.

கற்றுக்கொடுக்கும் முறையும் அப்படித்தான். 1-1 கட்டத்தில் (முதல் உலகத்தின் முதல் கட்டம்) கேள்விக்குறிக் கட்டையை முட்டினால் காளான் வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதி, திரும்பி மரியோவை நோக்கியே வரும். மேலே செங்கட்டை இருப்பதால் பாய்ந்து தப்புவதும் இலேசில்லை. காளான் நல்லது என்பதை ஒரு எழுத்துக்கூட இல்லாமல் பிள்ளை அந்த இடத்திலேயே தெரிந்துகொள்கிறது.

குறை எங்கே? இரண்டு பேர் விளையாடினால் முறை வைத்துத்தான். அண்ணன் கெட்டிக்காரன் என்றால் அவன் சாகும்வரை தங்கச்சி சும்மா இருக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு 400 அல்லது 300இலிருந்து கீழே எண்ணும் கடிகாரம், மொத்தம் 32 கட்டம். காத்திருப்பு சரியாக நீளும். இதற்கு ஒரே மருந்து, ஒரு கட்டம் முடிந்ததும் பேடைக் கை மாற்றுவது என்று வீட்டுச் சட்டம் போடுவது.

எட்டாம் உலகத்திலும் கோட்டைக் கட்டங்களிலும் பாதி வழியில் திரும்பத் தொடங்கும் வசதி இல்லை. 4-4, 7-4, 8-4 கோட்டைகளில் பிழையான பாதையில் போனால் அதே இடம் திரும்பத் திரும்ப வரும்; சின்னப் பிள்ளைகள் கேம் பழுதாகிவிட்டது என்று நினைத்து நிறுத்துவது இங்கேதான். உயிரெல்லாம் முடிந்தாலும் முதலிலிருந்து போகத் தேவையில்லை: தொடக்கத் திரையில் ஏ பொத்தானைப் பிடித்தபடி ஸ்டார்ட் அமத்தினால் செத்த உலகத்தின் முதல் கட்டத்துக்குப் போகும். 3-1 முடிவுப் படிக்கட்டில் ஆமை ஓட்டை மிதித்து மிதித்து உயிர் சேர்ப்பவர்கள் ஒரு நிமிடத்தோடு நிறுத்த வேண்டும். 127 உயிரைத் தாண்டினால் எண் எதிர்ப்பக்கம் புரண்டு, அடுத்த சாவோடு கேமே முடிந்துவிடும்.

கொன்ட்ராவைக் கொனாமி 1987இல் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரத்துக்கும் 1988இல் வீட்டுப் பெட்டிக்கும் தந்தது. எட்டுக் கட்டம், மூன்று உயிர், ஒரு குண்டு பட்டால் சாவு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடிச் சுடலாம், ஆகவே காத்திருப்பு இல்லை. கையில் எஸ் துப்பாக்கி இருந்தால் ஐந்து குண்டு விசிறியாக விரியும் அந்தச் சந்தோஷத்துக்கு மற்ற இரண்டு கேமிலும் ஈடு கிடையாது. செத்தால் அந்தத் துப்பாக்கியும் போய்விடும். சாவு வலிப்பது அதனால்தான்.

பிரச்சினை, இரண்டு பேரின் கெட்டித்தனம் சமமாக இருக்க வேண்டும். மூன்றாம் கட்டமான நீர்வீழ்ச்சியில் திரை மேலே மட்டுமே நகரும். அண்ணன் கெதியாக ஏறினால் கீழே நிற்கும் தங்கச்சியைத் திரையின் அடி விளிம்பே கொன்றுவிடும். எதிரி தொடவில்லை, அவளும் பிழை விடவில்லை, ஆனாலும் சாவு. சண்டை தொடங்குவது இங்கேதான். பின்னால் வருபவர் “ஏறு” என்று சொன்ன பிறகே முன்னால் இருப்பவர் பாய வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கட்டம் திடீரென்று நல்ல கட்டமாகிவிடும்.

முப்பது உயிர்க் குறி எல்லோருக்கும் பாடம்: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ, ஸ்டார்ட். இரண்டு பேருக்கு என்றால் ஸ்டார்ட்டுக்கு முன் செலக்ட். இந்தக் குறி முதலில் வந்தது 1986இன் கிராடியஸ் கேமில். அதை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிய கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கத் தனக்கே கஷ்டமாக இருந்ததால் வைத்தார். கொன்ட்ராவில் இதை முதல் வாரத்துக்கு மட்டும் பாவிப்பது நல்லது. 30 உயிர் இருந்தால் யாரும் குனிந்து குண்டைத் தவிர்ப்பதில்லை. எட்டுக் கட்டமும் ஒரே நாளில் முடிந்து, அடுத்த நாள் கசெட்டை எடுக்க ஆசை இருக்காது.

டாங்க் கேமை, மரியோ வந்த அதே மாதத்தில், அதே 1985இல் நாம்கோ வெளியிட்டது. பார்வைக்கு மூன்றிலும் ஏழை. 13க்கு 13 கட்டைத் தளம், 35 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 20 எதிரி டாங்கிகள், கீழே நடுவில் காக்க வேண்டிய கழுகு. ஆனால் இரண்டு பேர் அருகருகே இருந்து கதைத்துக் கதைத்து விளையாட இதைவிடப் பொருத்தமானது அந்தப் பெட்டிக்கு வந்த கேம்களில் மிகக் குறைவு.

காரணம் குண்டின் விதி. பரிசுச் சாமானான நட்சத்திரம் எடுக்காத டாங்கியின் ஒரு குண்டு திரையில் பறந்துகொண்டிருக்கும்போது அடுத்ததைச் சுட முடியாது. தூரத்தில் இருப்பவனைக் குறிவைத்துத் தவறினால் குண்டு சுவரில் முட்டும்வரை கை வெறுமை. கிட்டப் போய்ச் சுட்டால் தொடர்ந்து சுடலாம், ஆனால் ஆபத்து. ஒவ்வொரு சூட்டுக்கும் இந்தக் கணக்கு ஓடுவதால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் யோசிக்க வேலை இருக்கிறது. முதல் நட்சத்திரம் குண்டை வேகமாக்கும், இரண்டாவது இரண்டு குண்டு தரும், மூன்றாவதில் உருக்குச் சுவரும் உடையும். செத்தால் அத்தனையும் போய்விடும்.

கழுகைச் சுற்றிய சுவர் அரைக் கட்டைத் தடிப்புத்தான். சாதாரணக் குண்டு இரண்டு பட்டால் திறந்துவிடும். நம்முடைய குண்டும் கழுகைக் கொல்லும். கூட்டாளியைச் சுட்டால் அவர் சாகமாட்டார், கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். வேண்டுமென்று சுட்டாயா, தவறுதலா என்ற வழக்குத்தான் இந்தக் கேமின் உயிர். கொன்ட்ராவில் அண்ணன் தங்கச்சியைத் தெரியாமல் கொன்றுவிடுகிறான். இங்கே இருவருக்கும் ஒருவரையொருவர் தடுக்கவும் காக்கவும் ஒரே அளவு பலம். இதனால்தான் கெட்டித்தனம் சமமில்லாத இரண்டு பேருக்கும் இது சரிவருகிறது. சின்னவர் கழுகுக்குப் பக்கத்தில் நின்று காக்கட்டும், பெரியவர் மேலே போகட்டும். இரண்டும் உண்மையான வேலை.

சில நுணுக்கங்கள். மினுங்கி மினுங்கி வரும் 4, 11, 18ஆவது டாங்கிகளைச் சுட்டால்தான் பரிசுச் சாமான் வரும். பழைய சாமானை எடுக்காமல் விட்டு அடுத்த மினுங்கும் டாங்கி வந்துவிட்டால் அது மறைந்துவிடும். மண்வெட்டி கழுகின் சுவரைக் கொஞ்ச நேரம் உருக்காக்கும், பிறகு முழுச் செங்கட்டையாகத் திரும்பத் தரும். ஆகவே சுவர் உடைந்த பிறகு எடுப்பதே இலாபம். நான்கு அடி தாங்கும் பாரமான டாங்கியை ஒருவர் முன்னாலிருந்தும் மற்றவர் பக்கத்திலிருந்தும் அடிக்க வேண்டும். தொடக்கத் திரையில் கொன்ஸ்ட்ரக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது: பிள்ளைகளே தளத்தைக் கட்டி அதில் விளையாடலாம். மழை நாளில் இதிலேயே ஒரு பின்னேரம் போய்விடும்.

மின்வெட்டும் இந்த அலசலில் சேர்கிறது. மூன்று கேமிலும் சேமிக்கும் வசதி இல்லை. மரியோவின் ஏ-ஸ்டார்ட் வித்தையும் கரண்ட் போனால் மறந்துவிடும். டாங்க்கில் மட்டும் தொடங்கும்போதே கட்டத்தின் எண்ணைக் கூட்டிக்கொண்டு விட்ட இடத்துக்குப் போகலாம். சொந்தமாகக் கட்டிய தளம் மட்டும் போய்விடும். போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

எந்தக் கேம் என்று முடிவு செய்தாலும் டிவி சரியில்லை என்றால் சந்தோஷம் பாதிதான். புது எல்ஈடி டிவி படத்தைத் திருத்திக் காட்ட நேரம் எடுக்கும். அது 100 மில்லிசெக்கன் என்றால் ஆறு ஃபிரேம். முழு ஓட்டத்தில் மரியோ அதற்குள் 15 பிக்சல், கிட்டத்தட்ட ஒரு கட்டை தூரம் போய்விடுவார். குழி விளிம்பில் பாய்ந்தும் விழுவது இதனால்தான். டிவியில் கேம் மோட் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் டாங்க்கைத் தேர்ந்தெடுங்கள், அதில்தான் தாமதம் குறைவாக உறுத்தும். ஜப்பான் பதிப்பு 50 ஹெர்ட்ஸ் (செக்கனுக்கு 50 படம்) பெட்டியில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். அப்படிப் பழகினவர்கள் கம்ப்யூட்டரில் 60 ஹெர்ட்ஸில் விளையாடினால் முதல் நாள் பாய்ச்சல் தவறத்தான் செய்யும்.

பேடில் டர்போ பொத்தான்கள் (பிடித்தால் தானே திரும்பத் திரும்ப அமத்துபவை) இருந்தால் மரியோவில் தொடவே வேண்டாம்: அழுத்திப் பிடித்ததை அது துண்டு துண்டாக வெட்டுவதால் பாய்ச்சல் குட்டையாகிவிடும். கொன்ட்ராவில் டர்போ, பொத்தானைப் பிடித்தாலே தொடர்ந்து சுடும் எம் துப்பாக்கியைத் தேடி ஓடும் தேவையையே இல்லாமலாக்கிவிடும். டாங்க்கில் ஒரு குண்டு விதி இருப்பதால் அது விரல் நோவைக் குறைப்பதைத் தவிர எதையும் கெடுக்காது, தங்கச்சியிடம் தாராளமாகக் கொடுக்கலாம். படம் சாம்பல் நிறமாகி நின்றால் கசெட்டை ஊதாதீர்கள். எச்சில் ஈரமும் கடற்காற்றும் சேர்ந்து கசெட்டின் 60 உலோகப் பின்களையும் கறுக்க வைக்கும். ஐசோபுரப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.