கிரீஸ் கன், ஹெட்ஃபோன், ஆயில் சாம்பிள், சென்சார்: மசகைக் கண்காணிக்க எது எதற்கு உதவும்?

நான் பார்த்த ஒரு பம்பில் பேரிங் ஹவுசிங்கின் (சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் உட்காரும் கூட்டின்) சைட் கிளாஸை, அதாவது எண்ணெய் மட்டம் காட்டும் கண்ணாடியை, ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்த்து, 'ஆயில் லெவல் சரி' என்று டிக் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஒருநாள் பேரிங் இறுகி, பம்ப் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பாதி உயரத்தில் தெரிந்த பழுப்புக் கோடு எண்ணெய் இல்லை, எப்போதோ எண்ணெய் நின்ற இடத்தின் கறை. டிக் போட்டவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கோடு இருந்தது, பார்த்தார்கள், எழுதினார்கள்.

மசகை, அதாவது உராய்வைக் குறைக்கும் எண்ணெயையும் கிரீஸையும், கண்காணிக்க எந்த முறை நல்லது என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் இந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வரும். ஏனென்றால் அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எண்ணெய் போய்ச் சேர்கிறதா? சேர்ந்த எண்ணெய் நல்ல நிலையில் இருக்கிறதா? அது இருந்தும் உலோகம் தேய்கிறதா? கடையில் விற்கும் ஒவ்வொரு கருவியும் இதில் ஒன்றுக்கோ இரண்டுக்கோதான் பதில் சொல்லும். ஓடும் பேரிங்கில் உருளைக்கும் தடத்துக்கும் நடுவே நிற்கும் எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் 1 மைக்ரானைக்கூடத் தாண்டாது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்தப் படலத்தை நேரில் பார்க்க வழியில்லை. எல்லா முறைகளும் அதன் விளைவை எங்கோ தள்ளி நின்று ஊகிக்கின்றன. எவ்வளவு தள்ளி, எவ்வளவு தாமதமாக என்பதில்தான் வித்தியாசம்.

காலண்டரா, காதா?

கிரீஸ் போடும் இடங்களில்தான் இந்தப் போட்டி சூடானது. ஒரு பக்கம் அட்டவணை: மாதம் ஒருமுறை, பத்து அடி, அதாவது கிரீஸ் கன்னைப் பத்து முறை அழுத்துவது. இன்னொரு பக்கம் அல்ட்ராசவுண்ட் கருவி: பேரிங் எழுப்பும், காதுக்கு எட்டாத ஒலியைக் கேட்கும் ஒலியாக மாற்றி ஹெட்ஃபோனில் தரும். அதைக் கேட்டுக்கொண்டே கிரீஸ் போடலாம்.

அட்டவணையின் பலவீனம் 'பத்து அடி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஒரு கிரீஸ் கன் ஓர் அழுத்துக்கு 1 கிராம் தரும், பக்கத்து அலமாரியில் இருப்பது ஒன்றரை தரும், சிலது அதற்கும் மேலே. சந்தேகமிருந்தால் ஒரு காகிதத்தில் பத்து அடி அடித்து எடை போட்டுப் பாருங்கள். ஒரே கடையில் வாங்கிய இரண்டு கன்களே ஒத்துப்போகாது. பேரிங்குக்கு எவ்வளவு தேவை என்பதற்குப் பரவலாகப் பயன்படும் கணக்கு ஒன்று உண்டு: வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, அதை 0.005-ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். 6310 பேரிங்கின் வெளி விட்டம் 110, அகலம் 27. ஆக ஏறத்தாழ 15 கிராம். பத்து அடி அடித்தவர் ஒரு கன்னால் 10 கிராம் போட்டிருப்பார், இன்னொன்றால் 20 கிராம். செக்லிஸ்டில் இரண்டுக்கும் ஒரே டிக்.

குறைவாகப் போனால் கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடுதலாகப் போனால் வரும் கெடுதலைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஹவுசிங் நிறைந்துவிட்டால் உருளைகள் கிரீஸைக் கடைய ஆரம்பிக்கும். சூடேறும், கிரீஸிலிருந்து எண்ணெய் பிரியும். கையால் அழுத்தும் கன்கூட நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் தரக்கூடியது. அந்த அழுத்தம், கிரீஸை உள்ளேயும் தூசியை வெளியேயும் நிறுத்தும் சீல் வளையத்தைப் பிதுக்கிவிடும். மோட்டாராக இருந்தால் கிரீஸ் உள்ளே வைண்டிங் பக்கமே போய்ச் சேரும்.

இப்போது காதுக்கு வருவோம். பேரிங் நல்ல நிலையில் இருக்கும்போது எடுத்த அளவை அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். அதைவிட 8 டெசிபெல் ஏறினால் கிரீஸ் கேட்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். வேலை இப்படி நடக்கும். கருவியின் முனையை ஹவுசிங்கில், கிரீஸ் நிப்பிளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வறண்ட பேரிங் 'சர்ர்' என்று மணலை அரைப்பதுபோல் ஒலிக்கும். ஓர் அழுத்து. கொஞ்சம் காத்திருக்க வேண்டும், உள்ளே பரவ நேரம் வேண்டுமல்லவா. சத்தம் மெல்லத் தணியும். இன்னொரு அழுத்து, மறுபடி காத்திருப்பு. அளவு இறங்குவது நின்று, திரும்ப ஏறத் தொடங்கும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். பத்து அடி என்று எழுதியிருந்த இடத்தில் மூன்றாவது அடியிலேயே பேரிங் போதும் என்று சொல்வதை முதன்முறை கேட்கும் ஃபிட்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு லாபமும் இதில் உண்டு. கிரீஸ் போட்டதும் சத்தம் இறங்கி, சற்று நேரத்தில் பழைய அளவுக்கே திரும்பினால், பஞ்சம் கிரீஸுக்கு இல்லை. பேரிங்கே அடிபட்டிருக்கிறது. அட்டவணைக்கு இதைச் சொல்லும் வாய் கிடையாது.

ஆனாலும் காலண்டரை மொத்தமாகத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். தூசியும் தண்ணீரும் கொட்டும் இடங்களில் கிரீஸ் மசகு மட்டும் இல்லை, சீலும் அதுதான். புதுக் கிரீஸ் உள்ளே போய்ப் பழையதை அழுக்கோடு வெளியே தள்ள வேண்டும். அந்தப் பேரிங் ஹெட்ஃபோனில் அமைதியாகத்தான் இருக்கும், அழுக்கு சீல் வாசலில் உட்கார்ந்திருக்கும். அங்கே நேரப்படி போடுவதே சரி. மெதுவாகச் சுழலும் பேரிங்கிலும் இந்த 8 டெசிபெல் கணக்கை நம்ப முடியாது. பக்கத்தில் காற்றுக் குழாய் கசிந்தால் அந்தச் சீறலும் சேர்ந்து காதில் விழும். அப்புறம் நேரம்: அட்டவணைக்காரர் இருபது பாயின்ட் முடிக்கும் நேரத்தில் காதுக்காரர் எட்டைத்தான் முடித்திருப்பார். அடிப்படை அளவு எடுக்காமல் கருவியை மட்டும் வாங்கி வைத்த இடங்களில் அது அலமாரியில்தான் தூங்குகிறது.

இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் நான் காதுக்குச் செலவழிப்பேன். பணமே இல்லை என்றால் எல்லா கன்களையும் எடை போட்டு, ஒவ்வொன்றின் மீதும் 'ஓர் அடி இத்தனை கிராம்' என்று எழுதி ஒட்டுவேன்.

வெப்பமும் அதிர்வும்

இங்கே அதிகம் நிற்கப் போவதில்லை. வெப்பநிலை எல்லோரும் நம்பும் அளவு, அந்த நம்பிக்கைக்கு அது அவ்வளவாகத் தகுதியானதில்லை. மசகுக் குறைவு ஹவுசிங்கின் வெளிச்சூடாகத் தெரியும் முன்பே பெரும்பாலும் சேதம் தொடங்கியிருக்கும். போதாதற்கு, புதிதாகக் கிரீஸ் போட்ட பேரிங் சில மணி நேரம் சூடேறிவிட்டுத்தான் இறங்கும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் கொஞ்சம் கிரீஸ் அடிப்பவர்கள் உண்டு. பளபளப்பான உலோகத்தின் மீது இன்ஃப்ராரெட் கன்னைக் காட்டினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஒரு புள்ளியில் கறுப்புப் பெயின்ட் அடித்து, தினமும் அதே புள்ளியைப் பார்த்தால் ஓரளவு பயன் உண்டு.

அதிர்வில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான வேகத்தை மட்டும் எடுத்தால் பேலன்ஸ், அலைன்மென்ட் கோளாறுகள் தெரியும், மசகுக் குறைவு தெரியாது. அது முதலில் தலைகாட்டுவது உயர் அதிர்வெண்ணில். அந்தப் பகுதியைக் கருவி எடுக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

லேப் ரிப்போர்ட்டா, ஆன்லைன் சென்சாரா?

கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், டர்பைன் என்று எண்ணெய் தேங்கி நிற்கும் இயந்திரங்களில் போட்டி வேறு. எண்ணெயைச் சோதித்து இயந்திரத்தின் தேய்மானத்தை அறியும் பழக்கம் 1940-களில் அமெரிக்க ரயில்வேயின் டீசல் எஞ்சின்களில் வேர்விட்டது. அந்த வேலைக்கு லேப் பொருத்தமாக அமைந்ததில் வியப்பில்லை. எஞ்சின் எப்படியும் ஷெட்டுக்குத் திரும்பி வரும், பாட்டிலில் எண்ணெய் எடுக்கலாம், முடிவு வரும்வரை பொறுக்கலாம்.

லேபின் பலம் விவரம். ஐஎஸ்ஓ விஜி என்பது எண்ணெயின் பிசுக்குமையை, அதாவது அது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதைச் சொல்லும் தரம். விஜி 320 எண்ணெய் என்றால் 40 டிகிரி செல்சியஸில் அதன் பிசுக்குமை 288-க்கும் 352 சென்டிஸ்டோக்குக்கும் இடையில் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 240 வந்தால் யாரோ விஜி 220-ஐ ஊற்றிக் கலந்துவிட்டார்கள் என்று சந்தேகிக்கலாம். சிலிகானும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் தூசி. செம்பும் வெள்ளீயமும் ஏறினால் வெண்கலப் புஷ்ஷோ வார்ம் வீலோ தேய்கிறது. தூய்மைக்கு ஐஎஸ்ஓ 4406 குறியீடு வரும், 18/16/13 என்பதுபோல. 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை என்பதை இந்த மூன்று எண்களும் குறிக்கின்றன. இதில் ஓர் எண் ஏறினால் துகள் இரட்டிப்பு. 18 என்பது 21 ஆகிவிட்டால் 'மூன்றுதானே கூடியிருக்கிறது' என்று விட்டுவிடுவார்கள். எட்டு மடங்கு கூடியிருக்கிறது.

லேபுக்கு ஒரு குருட்டுப் புள்ளியும் உண்டு. வழக்கமான ஸ்பெக்ட்ரோமீட்டர் நுண்ணிய துகள்களைத்தான் எரித்து அளக்கும், சுமார் 8 மைக்ரானைத் தாண்டியவை அதன் கணக்கில் சரியாக வராது. பல்சக்கரத்தின் முகம் பொத்து விழும்போது வருவதோ பெரிய செதில்கள். ஆக, பல் உதிர்ந்துகொண்டிருக்கும்போதே 'இரும்பு: இயல்பு' என்று ரிப்போர்ட் வர வாய்ப்புண்டு. அந்த நேரத்தில் ஆயில் டிரெய்னில் இருக்கும் காந்த பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது மேல். கறுப்பு மை போன்ற மென்மையான பசை ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலால் தேய்க்கும்போது நறநறத்தால், வெளிச்சத்தில் திருப்பினால் மின்னினால், மேல்மூடியைத் திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சாம்பிள் எடுக்கும் விதமே பாதி ரிப்போர்ட். இயந்திரம் ஓடும்போதோ நிறுத்திய சூட்டோடோ, எண்ணெய் புழங்கும் இடத்தில் எடுக்க வேண்டும். வால்விலும் குழாயிலும் தேங்கிய பழைய எண்ணெயை முதலில் வடித்துவிட வேண்டும். ஆறிய சம்பின் (எண்ணெய் தேங்கும் தொட்டியின்) அடி டிரெய்னில் பிடித்த பாட்டில் பல மாத வண்டலைத்தான் சொல்லும். ஒருமுறை மேலே, மறுமுறை கீழே என்று எடுத்தால் வரும் கிராஃப் இயந்திரத்தைப் பற்றியதாக இருக்காது, எடுத்தவரைப் பற்றியதாக இருக்கும்.

இயந்திரத்திலேயே பொருத்தும் சென்சார் இதற்கு நேர்மாறு. எந்நேரமும் விழித்திருக்கும், ஆனால் பேச்சு குறைவு. மின்காப்பு மாறிலியை அளக்கும் சென்சார் 'ஏதோ மாறிவிட்டது' என்று சொல்லும். தண்ணீரா, ஆக்சிஜனேற்றமா, வேறு எண்ணெயை ஊற்றிவிட்டார்களா என்று அதைக் கேட்க முடியாது. பாட்டிலை லேபுக்கு அனுப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் இரண்டு விஷயங்களில் லேப் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஒன்று தண்ணீர். கூலரில் ஓட்டை விழுந்தால் ஒரே இரவில் எண்ணெய் பால்போல் வெளுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் சாம்பிள் அடுத்து எப்போது வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, குழாயில் பொருத்தும் உலோகத் துகள் எண்ணி. அது பிடிப்பது பெரிய செதில்களை, அதாவது ஸ்பெக்ட்ரோமீட்டர் தவறவிடும் அதே துகள்களை.

அதனால் மாற்றுப் பேரிங் கிடைக்கவே பல மாதம் ஆகும் பெரிய கியர்பாக்ஸ், தண்ணீர் கூலர் உள்ள சம்ப் ஆகியவற்றுக்கு மட்டும் சென்சார் வைப்பேன். மற்றவற்றுக்கு லேப் போதும். தண்ணீர் மட்டுமே சந்தேகம் என்றால் இரண்டும் வேண்டாம். 150 டிகிரிக்குமேல் சூடான தட்டில் இரண்டு சொட்டு விட்டு, படபடக்கிறதா என்று கேட்டால் போதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்யுங்கள், தெறிக்கும்.

ஆட்டோமேட்டிக் லூப்ரிகேட்டர்

'எங்களிடம் தானியங்கி சிஸ்டம் இருக்கிறது, கண்காணிப்பு தேவையில்லை' என்பார்கள். அது கிரீஸை அனுப்பும் ஏற்பாடு. போய்ச் சேர்ந்ததா என்பது வேறு.

புரோகிரசிவ் டிஸ்ட்ரிபியூட்டர் என்பது வரும் கிரீஸைப் பல பேரிங்குகளுக்கு முறைவைத்துப் பிரித்துத் தரும் பிளாக். அதில் பிஸ்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர வேண்டும். ஒரு வழி அடைத்தால் மொத்தப் பிளாக்கும் நின்றுவிடும், பிஸ்டன் நகர்வதை வெளியே காட்டும் 'பின்' என்ற சிறு கம்பியும் அசையாது. ஓர் அடைப்புக்காக எல்லாம் நிற்பதைக் குறை என்று சொல்லி, இரட்டைக் குழாய் முறையை விற்பார்கள். அதில் ஒன்று அடைத்தாலும் மற்றவை ஓடும். சரி, ஆனால் அடைத்தது எது என்று யார் சொல்வது? ஒவ்வொரு பாயின்டின் பின்னையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் உண்டு. நீளமான இயந்திரத்துக்கு இரட்டைக் குழாய் தேவைப்படலாம். கண்காணிப்பு என்ற ஒரே கோணத்தில் கேட்டால், சத்தம் போட்டு நிற்கும் முதல் முறைக்கே என் ஓட்டு.

அதற்கும் ஏமாற்றத் தெரியும். பிளாக்குக்கும் பேரிங்குக்கும் நடுவே குழாய் அறுந்துவிட்டால் பின் சந்தோஷமாக அசைந்துகொண்டே இருக்கும், கிரீஸ் தரையில் குவியும். பேனலில் பச்சை விளக்கு எரியும். குழாய் வழியே நடந்து போய்ப் பார்க்கும் ஆள் ஒருவர் எப்போதும் வேண்டும்.

அந்தப் பம்புக்கு வருகிறேன். அதற்குச் சென்சார் எதுவும் வைக்கவில்லை. சைட் கிளாஸை மாற்றி, ஓடும்போது எண்ணெய் நிற்கும் மட்டத்துக்கு ஒரு கோடும், நிற்கும்போதுள்ள மட்டத்துக்கு இன்னொரு கோடும் வரைந்தோம். செக்லிஸ்டில் 'ஆயில் லெவல் சரியா' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'கண்ணாடியைத் துடைத்தபின் மட்டம்', 'ஊற்றியது எத்தனை மில்லி' என்று இரண்டு கட்டங்கள் போட்டோம். இரண்டாவது கட்டத்தில் மூன்று வாரம் தொடர்ந்து பூஜ்யம் வந்தால், போய் முதலில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வரச் சொல்வேன்.