கண்மாயைக் காக்க யாரோடு யார் சேர்வது?

மதுரை வட்டாரத்துக் கண்மாய்களில், அதாவது பாசன ஏரிகளில், பெரும்பாலானவை சங்கிலியாகக் கிடப்பவை. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான், அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்தால்தான், கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். இவற்றைக் காப்பாற்ற இப்போது மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

முதல் வழி, அந்தந்த ஊர் தன் கண்மாயைப் பார்த்துக்கொள்வது. ஊராரே நீர்நிலையைச் செப்பனிடும் பழைய முறையான குடிமராமத்து, 2017இல் தமிழக அரசு மறுபடி கொண்டுவந்தது, இந்த வகை. கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டு விவசாயிகள் செலவில் 10 சதவீதம் பங்கு போட வேண்டும் என்றார்கள். எந்த மடை (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு) ஒழுகும், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைத்திருக்கும் என்பது, தண்ணீர் பாய்ச்சுகிற ஊர் நீர்பாய்ச்சிக்குத் தெரிகிற அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது. ஆனால் ஊரின் அக்கறை ஊர் எல்லையோடு நின்றுவிடும். மழை குறைந்த வருஷம் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கின் மேல் மணல் மூட்டையை அடுக்கி, இன்னும் அரை முழம் தண்ணீரைத் தேக்கிக்கொள்வார்கள். மேலூர்க்காரருக்கு அது சாமர்த்தியம், கீழூர்க்காரருக்கு அந்த வருஷ நெல் போச்சு. தூர்வாரும்போதும் இதே கதைதான். மடை மட்டத்துக்குக் கீழே ஆழமாகத் தோண்டிவிட்டு ஏகத்துக்குத் தண்ணீர் சேர்த்ததாகச் சொல்வார்கள். அந்தத் தண்ணீர் மடை வழியே வயலுக்கு ஏறாது. மாடு குடிக்கும், மீன் வளரும், அவ்வளவுதான்.

இரண்டாவது, அரசுப் பட்டம். ராமநாதபுரம் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயங்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறின. அதே வருஷம் நம் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி பல்லுயிர் பாரம்பரியத் தலம் ஆனது. பட்டத்தால் பயன் இல்லாமல் இல்லை: அங்கே வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகப் பேச அது கையில் ஓர் ஆயுதமாக இருந்தது. (சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானதற்கு ஜனங்கள் மதுரைக்கு நடந்து வந்ததுதான் முதல் காரணம் என்பேன்.) ஆனால் 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு சதுப்புநில விதிகள், பாசனத்துக்கென்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளை வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டன. நம் கண்மாய்களில் பெரும்பாலானவை அந்த ரகம். அப்புறம், எந்தப் பட்டமும் பக்கத்து ஊர் மணல் மூட்டையை இறக்காது.

மூன்றாவது, சங்கிலி முழுக்க ஒரே கூட்டமைப்பு. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் வயலகம் திட்டம் ஒவ்வொரு கண்மாய்க்கும் சங்கம் அமைத்து, அவற்றைத் தொடர்வாரியாக இணைக்கிறது. வேலை மெதுவாகத்தான் நடக்கும். சாதி, கட்சி, பழைய வெட்டுக்குத்து எல்லாம் கூட்டத்துக்கு வந்து உட்காரும். சட்ட அதிகாரமும் கிடையாது. இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். மேல் ஊரும் கடைமடை ஊரும் நேருக்கு நேர் பேச மற்ற இரண்டு வழியிலும் இடமே இல்லை.

ஆரம்பிக்க பெரிய நிதி வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டு ஊராரும் நீர்வளத்துறை ஆளும் சேர்ந்து நின்று கலுங்கு மட்டத்தை அளந்து, கல்லில் கோடு போட்டுவிட வேண்டும். வரத்துக்கால் முள்ளை வெட்டுகிற கூலிக்கு, கண்மாயில் மீன் பிடிக்க ஏலம் விடுகிற மீன்பாசி குத்தகைப் பணத்தில் ஒரு பங்கை எல்லா ஊரும் ஒதுக்கினால் போதும்.