சாட்ஸ்வொர்த்தில் அப்பாவின் உயிலைத் திரும்ப வாங்கிய கதை

அப்பா இறந்ததற்காக இந்த முறை தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய் வந்ததில் பெரும்பாலான வேலைகள் ஒழுங்காகவே முடிந்தன. இறப்புச் சான்றிதழ், க்ளேர் எஸ்டேட்டில் தகனம், பதினாறாம் நாள் காரியம், எதிலும் குறை சொல்ல முடியாது. இன்னும் என் மனதை விட்டுப் போகாமல் இருப்பது ஒரு பழுப்பு உறைதான். அப்பாவின் உயில் அசல் அதற்குள் இருந்தது. எங்கள் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரின் மேசை இழுப்பறையில் அது கிடந்தது. சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏறும்போது எனக்கு இது தெரியாது.

அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். டர்பனில் எங்கள் ஊரான சாட்ஸ்வொர்த்தில் சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் பருப்பும் கீரையும் சமைத்துக் கொண்டு வருவார்கள், நாற்காலி போடுவார்கள், பாத்திரம் கழுவிக் கொடுப்பார்கள். கேட்காமலே வந்து நிற்கும் அந்த மனசு சிங்கப்பூர் அடுக்குமாடியில் எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான், "எஸ்டேட் வேலைக்கு நம்ம ஆள் ஒருத்தர் இருக்காரே, கோயில் கமிட்டியில இருக்காரு" என்று சொல்லியிருக்கிறார். எஸ்டேட் என்றால் இங்கே இறந்தவர் விட்டுப்போன சொத்து. மறுநாளே அந்த நம்ம ஆள் வீட்டுக்கு வந்து, அப்பா படத்தைக் கும்பிட்டு, அம்மாவுக்கு ஆறுதல் சொல்லி, உறையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரசீது தரவில்லை. கோயிலில் தினம் பார்க்கிற மனிதரிடம் ரசீது கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை.

அந்த உயில் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொன்னால்தான் விஷயம் புரியும். அப்பா மேகஸீன் பாரக்ஸில் பிறந்தவர். டர்பன் கார்ப்பரேஷனில் வேலை பார்த்த நம் ஆட்களை 1960-களில் அங்கிருந்து காலி செய்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது, தாத்தாவுக்குக் கிடைத்தது ஒரு கார்ப்பரேஷன் வீடு. பல வருஷம் வாடகை. அப்புறம் அப்பா அதை விலைக்கு வாங்கினார், பின்னால் இரண்டு அறை கட்டினார். அந்த வீடு அம்மாவுக்கு, மிச்சம் இருப்பது எங்கள் இருவருக்கும், அக்காதான் உயிலை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டர் என்று தெளிவாக எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார். தென்னாப்பிரிக்காவில் இறந்தவர்களின் சொத்து விவகாரத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரிக்கு மாஸ்டர் என்று பெயர். அந்த மாஸ்டர் ஆபீஸ் உயிலின் அசலைத்தான் ஏற்கும். அசல் காணாமல் போய் நகல் மட்டும் இருந்தால், அதை ஏற்கச் சொல்லி உயர்நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டும். எங்களை மாதிரிக் குடும்பத்துக்கு அந்தச் செலவெல்லாம் தாங்காது.

நான் போய் இறங்கியதும் அக்கா ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினாள். ஜே 294 இறப்பு அறிவிப்பு, ஜே 243 சொத்துப் பட்டியல், ஜே 190 பொறுப்பேற்புப் படிவம் இரண்டு பிரதி. இதெல்லாம் சரி, எல்லா எஸ்டேட்டுக்கும் வேண்டியதுதான். அதற்கு அடியில் இன்னும் இரண்டு காகிதம் இருந்தது. அக்கா எக்ஸிக்யூட்டர் பொறுப்பிலிருந்து விலகி அந்த 'நம்ம ஆளையே' நியமிக்கச் சம்மதிப்பதாக ஒன்று. பாதி இடம் காலியாக விட்டிருந்த பவர் ஆஃப் அட்டர்னி இன்னொன்று. கூடவே 15,000 ராண்ட் முன்பணம். மொத்தச் சொத்தில் 3.5%, அதுவும் சட்டப்படி மாற்ற முடியாத கட்டணம் என்று சொல்லியிருக்கிறார். அம்மா பெயருக்கு நேராக வரவேண்டிய இன்ஷூரன்ஸ் பணத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தார்.

இது போதாதென்று அம்மாவையும் பயமுறுத்தி வைத்திருந்தார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் நடந்தது கோயிலில், தாலி கட்டி. அந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பேரைப் போல அவர்களும் அதைப் பதிவு செய்யவில்லை. "ஆன்ட்டி, சட்டப்படி நீங்க அவருக்கு மனைவியே இல்ல, நான் இல்லன்னா வீடு கையை விட்டுப் போயிரும்" என்றாராம். கணவனை இழந்து ஒரு வாரம் ஆகாத பெண்ணிடம். அம்மா அதை என்னிடம் தாழ்ந்த குரலில், ஏதோ தான் ஒரு குற்றம் செய்துவிட்ட மாதிரிச் சொன்னார். இப்போது எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

மறுநாள் காலையில் நானும் அக்காவும் அவருடைய ஆபீஸுக்குப் போனோம். ஒரு கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. சுவரில் முருகன் படம், கோயில் கும்பாபிஷேகத்தில் எடுத்த போட்டோ, தொழில் சம்பந்தமான சான்றிதழ் ஒன்றுகூட இல்லை. காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தோம். எங்களுக்கு அப்புறம் வந்தவர்கள் உள்ளே போய் வந்தார்கள். டீ வந்தது, ஆறியது. உச்சிவேளை ஆன பிறகு கூப்பிட்டார். உயில் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உறை மேலாகவே இருந்தது. அப்பா எப்போதும் போடுகிற ரப்பர் பேண்டு, நீல மையில் அவருடைய சாய்ந்த எழுத்து, ஓரத்தில் அம்மா சமையலறையில் பட்ட எண்ணெய்க் கறை. எட்டினால் கைக்கு வந்துவிடும். "பத்திரமா இருக்கு பாருங்க" என்று சொல்லி இழுப்பறையை மூடிவிட்டார். ஃபைல் திறந்தாகிவிட்டதாம், 8,500 ராண்ட் கட்டினால் உடனே தருகிறேன் என்றார். என்ன வேலை செய்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். நம்மளுக்குள்ள எழுத்து எதுக்கு என்றார்.

படியிறங்கும்போது அக்கா அழுதாள். காசைக் கொடுத்துத் தொலைக்கலாம் என்றுகூடச் சொன்னாள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆயா கீரை கொண்டு வந்தார். அவர் கணவர் இறந்து எஸ்டேட் வேலை முழுதும் முடிந்து, வீட்டுப் பத்திரம் அவர் பெயருக்கு மாறி வந்துவிட்டது. யார் செய்து கொடுத்தது என்று கேட்டேன். டவுனில் ஒரு வக்கீல் அம்மா, ஜூலு இனப் பெண் என்றார். கணக்குக் காகிதம், கட்டண ரசீது, பத்திரம் என்று எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்து காட்டினார். மாமா, "நம்ம ஆள் இல்லையே" என்று முனகினார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. வேலையை முடித்து, கணக்கையும் கையில் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்த வக்கீல் அம்மாவுக்கு ஸ்மித் ஸ்ட்ரீட்டில் (இப்போது ஆன்டன் லெம்பீடே ஸ்ட்ரீட், எனக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது) சின்ன ஆபீஸ். நான் கேட்கும் முன்பே சுவரில் மாட்டியிருந்த ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழைக் காட்டினார், இந்த வருஷத்துக்கு உரியதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அட்டர்னி, அதாவது பதிவு பெற்ற வக்கீல், ஒருவர் கட்சிக்காரரின் பணத்தைத் திருடிவிட்டால் அந்த நிதியிலிருந்து கேட்டு வாங்க வழி இருக்கிறது. வக்கீலாக இல்லாமல் கன்சல்டன்ட் என்று போர்டு மாட்டியவர் திருடினால் அந்த வழி இல்லை. தன் பெயரை வக்கீல்களைப் பதிவு செய்யும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் கேட்டுச் சரிபார்க்கலாம் என்று அவரே சொன்னார். பணம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் எஸ்டேட்டை நடத்த அட்டர்னி, டிரஸ்ட் கம்பெனி, ஆடிட்டர் மாதிரி சிலருக்குத்தான் அனுமதி என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கட்டணத்துக்கு வந்தோம். 3.5% என்பது எக்ஸிக்யூட்டருக்கு உள்ள அரசு விகிதம்தான், ஆனால் அதற்குக் கீழே பேசிக்கொள்ளத் தடை இல்லை. கடனைக் கழிக்காத மொத்த மதிப்பில் போடுவது அது. எங்கள் வீட்டை 12 லட்சம் ராண்ட் என்று வைத்தால், வீட்டுக்கு மட்டும் 42,000. வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு உள்ளவர் என்றால் 15% சேர்ந்து 48,300. பெயர் குறிப்பிட்ட வாரிசுக்கு நேராகப் போகிற இன்ஷூரன்ஸ் பணத்தில் எக்ஸிக்யூட்டர் கட்டணம் கிடையாது. அப்புறம் ஒன்று சொன்னார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது: சொத்தைப் பிரித்துக் கொடுத்து முடிக்கும் முன் எக்ஸிக்யூட்டர் தன் கட்டணத்தை எடுக்கவே கூடாது, முன்னால் வேண்டுமென்றால் மாஸ்டர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். 15,000 முன்பணம் எங்கே, இது எங்கே. அப்பா எழுதியபடியே அக்கா எக்ஸிக்யூட்டராக இருக்கட்டும், நான் உதவிக்கு இருக்கிறேன், கட்டணம் இரண்டு சதவீதம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். என்னையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டேன். வெளிநாட்டில் இருப்பவரிடம் மாஸ்டர் பிணை கேட்கலாம், வீண் தாமதம், வேண்டாம் என்றார்.

அம்மாவின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினார். "மா, உயிலில் உங்கள் பெயர் இருக்கிறது. கல்யாணம் பதிவானதா இல்லையா என்ற கேள்வியே இங்கே வராது." உயிலே இல்லாமல் போயிருந்தாலும், இந்து முறைக் கல்யாணம் செய்த மனைவியும் வாரிசுச் சட்டத்தில் மனைவிதான் என்று இதே டர்பன் உயர்நீதிமன்றம் 2008-இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறதாம். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரிதான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

உயில் திரும்பி வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். வக்கீல் அம்மா சண்டை போடவில்லை, கேஸ் போடவில்லை. 1965-ஆம் வருஷத்து எஸ்டேட் நிர்வாகச் சட்டத்தின் 8-ஆம் பிரிவைக் காட்டி நாலு வரி எழுதினார். இறந்தவரின் உயிலைக் கையில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், சாவுச் செய்தி தெரிந்ததும் அதை மாஸ்டரிடம் சேர்க்க வேண்டும். கட்டணம் பாக்கி என்று பிடித்து வைக்க அந்தப் பிரிவில் இடம் இல்லை. கடிதம் ஈமெயிலில் போனது. அன்றைக்கே ஒரு பையன் ஸ்கூட்டரில் வந்து உறையை எங்கள் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போனான். ரப்பர் பேண்டைக் காணோம். உள்ளே எல்லாப் பக்கமும் இருந்தது, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். வக்கீல் அம்மாவிடம் கொடுத்தபோது எத்தனை பக்கம், என்ன தேதி, யார் கொடுத்தது என்று எழுதி, முத்திரை குத்தி, எங்களுக்கு ஒரு பிரதி தந்தார். அந்தக் கடிதத்துக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

சிங்கப்பூரில் தகராறு இல்லாத உயில் என்றால் வக்கீல்கள் பெரும்பாலும் ஒரே தொகையாகச் சொல்லிவிடுவார்கள், இறந்தவர் சொத்து மீதான எஸ்டேட் டியூட்டி வரியையும் 2008 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 35 லட்சம் ராண்டுக்கு மேல் போனால் 20% உண்டு, எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. வசதி, வேகம் எல்லாம் சிங்கப்பூரில்தான், மறுக்கவில்லை. ஆனால் கணவனை இழந்த ஒரு பெண்ணிடம் தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசிய வக்கீலை நான் அங்கே பார்த்ததில்லை.

இப்போது அக்காவுக்கு மாஸ்டரின் நியமனக் கடிதம் வந்துவிட்டது. அரசு கெஜட்டிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் கடன்காரர்களுக்கு அறிவிப்புப் போட்டு 30 நாள் பொறுக்க வேண்டும். அப்புறம் கணக்குப் போட்டு, அது 21 நாள் மாஸ்டர் ஆபீஸில் பொதுப் பார்வைக்கு இருக்கும். ஆட்சேபணை இல்லை என்றால் வீடு அம்மா பெயருக்கு மாறும். வாரிசாக வருகிற வீட்டுக்குப் பெயர் மாற்ற வரியான டிரான்ஸ்ஃபர் டியூட்டி இல்லை, பத்திரம் மாற்றும் வக்கீல் செலவு மட்டும் தனி.

அந்த மனிதர் இன்னும் கோயில் கமிட்டியில்தான் இருக்கிறார். ஊரில் முகம் பார்த்து வாழ வேண்டும், விட்டுவிடு என்று அக்கா சொல்கிறாள். அவள் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்த சாவு வீட்டிலும் அவர்தான் போய் உட்காருவார். நடந்ததை முழுதும் எழுதி, வக்கீல் கடிதத்தின் நகலோடு, கமிட்டித் தலைவருக்கு என் பெயரிலேயே அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.